நகம் மாட்டிய இடம்

“கண்ணாடிமேல கையை ஊனாதீங்க சார்” என்று இலியாஸ் பாய் இரண்டாவது தடவை சொல்லிவிட்டார். எடுத்துவிட்டேன். எடுத்த இடத்தில் ஐந்து விரலும் வேர்வையாகப் பதிந்திருக்கின்றன. அதற்கு நேர் கீழே, காரின் முன்சீட்டைப் பின்னால் சாய்த்துப் படுத்தபடி, என் மகள் கோகிலவாணி மேலே பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்க்கிறாளா, என் விரல் தடத்தைப் பார்க்கிறாளா, தெரியவில்லை. காதில் ஒயரை மாட்டியிருக்கிறாள். கண்ணாடிக்குக் கீழே மல்லாந்த முகம், மேலே குனிந்து பார்க்கிற நான், இதை எங்கே பார்த்திருக்கிறேன் என்று மனசு தேடப் போய், போன மாசம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் பழைய மேனேஜர் செத்ததற்குப் போனபோது ஐஸ் பெட்டிமேல் குனிந்து பார்த்தது வந்து நின்றது. சீ என்று தலையைத் திருப்பிக்கொண்டேன். திருப்பினாலும் அது போகாது, எனக்குத் தெரியும். ஒரு நினைப்பு வந்தால் அது என்னிடம் வாடகை இல்லாமல் குடியிருக்கும். வேறு எதையாவது பார்க்கலாம். கடை வாசலில் தொங்குகிற சீட் கவர்கள், ஸ்டியரிங்குக்குப் போடும் உறைகள், எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த பிளாஸ்டிக் மாலை, சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் திரும்புகிற பஸ்கள். சுவரோரம் மூன்று கம்புகள் படுத்திருக்கின்றன. பார்க்கக் கூடாது என்று நினைத்ததைத்தான் கடைசியில் கண் போய்ப் பார்த்தது. பதினாலு அடி நீளம், ஃபைபர், பவானி ஜமுக்காளத்தில் தைத்த நீள உறைக்குள் மூன்றும். வாணி அவற்றை ஊன்றித்தான் தாண்டுகிறாள். போல் வால்ட். தாண்டுகிறாள் என்று சொல்வது பழக்க தோஷம். தாண்டிக்கொண்டிருந்தாள்.

நாளைக் காலை ஒன்பது மணிக்குச் சென்னையில் மாநிலப் போட்டி. மூன்று மீட்டர் அறுபது தாண்டினால் அடுத்தது உண்டு, தாண்டாவிட்டால் இல்லை. இருபத்தாறு முடிகிறது அவளுக்கு. பயிற்சி கொடுக்கிற ஞானசேகர் மாஸ்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொல்லிவிட்டார், “இது ஒண்ணு பாப்போம் சார். இதுக்கு மேல அந்தப் புள்ளைய இழுத்துக்கிட்டு அலையாதீங்க.” அலைவதற்காகத்தான் இந்தக் காரின் தலைமேல் கம்பி மாட்டிக்கொண்டிருக்கிறேன். இலியாஸ் பாய் இஞ்ச் டேப்பை முன்கதவின் மேல்விளிம்பில் வைத்து அளந்து, சாக்பீஸால் கோடு போட்டு, பின்கதவுக்குப் போகிறார். மற்ற வண்டியென்றால் கூரைத் தகரத்தில் துளை போட்டுவிடலாமாம். இதில் தகரம் எங்கே இருக்கிறது, முன்சீட்டிலிருந்து பின்சீட்டு வரைக்கும் ஒரே கண்ணாடி. கதவு மூடுகிற விளிம்பில் கவ்வி மாட்டி, வலமும் இடமும் இழுத்து இறுக்கி, கண்ணாடிக்கு மேலே நாலு விரல்கடை உயரத்தில் இரண்டு குறுக்குக் கம்பி நிற்கும். “கண்ணாடிக்கும் கம்பிக்கும் சம்பந்தமே இல்ல சார், ரெண்டும் ஒண்ண ஒண்ணு தொடாது. புருசன் பொண்டாட்டி சண்டை போட்டுக்கிட்டு ஒரே வீட்ல இருக்கிற மாதிரி” என்றார் பாய். அவரே சிரித்தார். “ஒண்ணே ஒண்ணு. இனிமே சன்ரூஃப் பட்டனத் தொடாதீங்க. திறந்தா கண்ணாடி மேல எழும்பும், கம்பியில இடிக்கும், அவ்வளவுதான்.” சரி என்றேன். தொடாதே என்று சொல்லப்பட்டவற்றின் பட்டியலில் இன்னொன்று.

இந்தக் கண்ணாடிக்காகத்தான் என் மனைவி சரோஜா இந்த வண்டியை எடுக்கச் சொன்னாள். நான் ரிட்டயரானபோது ஒரு கார் வாங்குவது என்று முடிவாகி, மூன்று பழைய வண்டிகளைப் பார்த்து, மூன்றாவதில் உட்கார்ந்து அண்ணாந்தவள் வாயை மூடவில்லை. முதல் வாரம் ஏற்காடு போனபோது இருபது கொண்டை ஊசி வளைவும் அண்ணாந்தபடியே வந்து கழுத்து பிடித்துக்கொண்டு மூன்று நாள் தைலம் தேய்த்தாள். நேற்று ராத்திரி விஷயத்தைச் சொன்னதும் தோசைக்கரண்டியை வைத்துவிட்டு, “நான் ஆசப்பட்டு வாங்குன ஒரே பொருளு. அதுக்கும் ஜெயில் கம்பி போடப் போறீங்களா?” என்றாள். பார்சலில் போடலாமே என்று அவள் சொல்லவில்லை. அந்த வார்த்தை எங்கள் வீட்டில் இரண்டு வருஷமாக இல்லை. கம்புகளைக் கடைக்குக் கொண்டுவந்த குட்டியானை வண்டியிலேயே சென்னைக்கும் போய்விடலாமே என்று மட்டும் கேட்டாள். இல்லை, வேறு ஆள் கை படக் கூடாது என்றேன். கேட்டவுடன் என்னைப் பார்த்தாள், சும்மாதான் பார்த்தாள், சும்மா பார்ப்பதற்கும் எனக்குக் காது சுடுகிறது. வேறு ஆள் கை. யார் கை பட்டது அன்றைக்கு. முப்பத்தொரு வருஷம் செவ்வாய்ப்பேட்டை லாரி பார்சல் ஆபீசில் புக்கிங் கிளார்க்காக இருந்தவன் கை. போன் அடிக்கிறது, அவள்தான். “கம்பி மாட்டியாச்சா? புளிசாதம் ரெண்டு டப்பாவும் பின்சீட்டுக்குக் கீழ இருக்கு, சாயாம பாத்துக்கங்க. அவ பேசுறாளா?” “பாட்டுக் கேக்குறா.” “பேச்சுக் குடுங்க.” “குடுக்கறேன்.” “என்னத்தக் குடுப்பீங்க, எனக்குத் தெரியாதா” என்று வைத்துவிட்டாள். சாதத்துக்குச் சொன்ன ஜாக்கிரதையைக்கூட நான் அந்தக் கம்புக்குச் சொல்லவில்லை, சொல்ல வேண்டியவனே நான்தான், சொல்லிக்கொள்ளவும் இல்லை. மறுபடி அங்கேயே வந்துவிட்டேன். எந்தச் சந்தில் நுழைந்தாலும் லோடு ஏற்றுகிற அந்த மேடைக்குத்தான் வந்து சேர்கிறது.

பார்சல் ஆபீசில் ஒரு விதி உண்டு, எழுதி வைத்ததல்ல, சேர்ந்த முதல் வாரத்திலேயே லோடுமேன்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது: நீளச் சரக்கைத் தூக்காதே, தள்ளு. இரும்புக் குழாய், மூங்கில், திரைச்சீலைக் கம்பி எது வந்தாலும் முன்னால் ஒருத்தன் பின்னால் ஒருத்தன் என்று தூக்கிக்கொண்டு திரிந்தால் நேரம் போகும், தோள் போகும். பின்பக்கக் கதவில் நுனியை வைத்து ஒரே தள்ளு, சரக்கு தானாக உள்ளே ஓடிவிடும். முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தள்ளு. நான் கிளார்க், தள்ள வேண்டியதில்லை, ஆனாலும் ஆள் குறைந்த நாளில் தள்ளுவேன், அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. அதோடு ஒரு ரப்பர் ஸ்டாம்பு. உடையக்கூடியது எது வந்தாலும் ரசீதில் “ஓனர்ஸ் ரிஸ்க்” என்று குத்திவிடுவேன். உடைந்தால் எங்களைக் கேட்காதே என்று அர்த்தம். யாராவது கண்ணாடி பீரோவைக் கொண்டுவந்து “ஜாக்கிரதையா அனுப்புவீங்கல்லண்ணே?” என்று கேட்டால், “அதெல்லாம் பூவாட்டம் போயிடும்” என்று சொல்லிக்கொண்டே குத்துவேன். வாயும் கையும் தனித்தனி வேலை. இரண்டு வருஷத்துக்கு முந்தி மதுரைப் போட்டிக்காக வாணியின் கம்புகள் வந்தபோதும் குத்தினேன். என் பெயரே அனுப்புநர், என் பெயரே புக்கிங் கிளார்க், ஓனர்ஸ் ரிஸ்க், டப். அப்போது கொஞ்சம் சிரிப்புகூட வந்தது. இலியாஸ் பாய் கவ்வியை மாட்டி சாவியைத் திருகுகிறார், ஒவ்வொரு திருகுக்கும் டக், டக் என்று ஒரு சத்தம். ஒரு அளவுக்கு மேல் அந்தச் சாவியே இறுக்காதாம், டக்கென்று விட்டுவிடுமாம், அதுதான் போதும் என்று அர்த்தமாம். மனுசனுக்கு அப்படி ஒரு சாவி இருந்தால். உள்ளே வாணி கண்ணை மூடியிருக்கிறாள். டக் என்ற சத்தம் அவளுக்குக் கேட்கிறதா. இமை அசைகிறது. அன்றைக்கு மதுரையில் கேட்ட சத்தம் டக் இல்லை.

அன்றைக்கு ஆள் குறைவு. சாயங்காலம் ஆறு மணி லாரி, மூன்று கம்பும் பழைய பெட்ஷீட்டில் சுற்றியிருந்தன. நுனியை வைத்துத் தள்ளினேன். முதல் இரண்டு ஓடிவிட்டன. மூன்றாவதில் பெட்ஷீட் பின்னால் விலகி நின்றுவிட்டது, கம்பு மட்டும் போனது, கதவுச் சட்டத்தில் ஒரு போல்ட் தலை நீட்டிக்கொண்டிருந்தது, சர்ரென்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. சிலேட்டுப் பலகையில் குச்சி வழுக்கினால் வருமே, அவ்வளவுதான். வெளியே இழுத்துப் பார்த்தேன். பிடிக்கு ஒரு முழம் கீழே, குறுக்காக, ஒரு நெல் நீளத்துக்கு ஒரு கோடு. ஞானசேகர் மாஸ்டர் கம்பு வாங்கிக்கொடுத்த அன்றே எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். கம்பு வளையும்போது அந்தப் புள்ளையோட மொத்த எடையும் அதுலதான் சார் நிக்குது. கோடு விழுந்தா நகத்தை ஓட்டிப் பாருங்க. நகம் வழுக்கினா சரி. நகம் மாட்டினா கம்பு போச்சு, கொடி கட்டித் துணி காயப் போடுங்க, தாண்ட விடாதீங்க. நகத்தை ஓட்டினேன். மாட்டியது. மறுபடி ஓட்டினேன், லேசாக, மாட்டாத மாதிரி ஓட்டினேன், அப்படி ஓட்ட முடியும், நகத்தைக் கொஞ்சம் படுக்கவைத்தால் போதும். வழுக்கிவிட்டது. வழுக்கிவிட்டதே என்று நினைத்தேன். அந்த எடைக்கும் அந்த நீளத்துக்கும் அவளிடம் இருந்தது அது ஒன்றுதான், மற்ற இரண்டும் பயிற்சிக்கான, சுலபமாக வளைகிற மெத்துக் கம்புகள், அதில் மூன்று மீட்டரைத் தாண்ட முடியாது. சொன்னால் போட்டி இல்லை. சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஆபீஸ் டேப்பை எடுத்தேன். எங்கள் ஆபீசுக்கென்று மொத்தமாக வருகிற சாம்பல் நிறத் துணி டேப், ஓரத்தில் ஒரு சிவப்பு இழை ஓடும், வெளியே கடையில் கிடைக்காது. கோட்டின்மேல் ஏழு சுற்று. அதற்கு மேல் அவள் பிடிக்கு வழக்கமாகச் சுற்றுகிற வெள்ளை டேப்பையே நீட்டிச் சுற்றிவிட்டேன். ஏழு சுற்று என்று எண்ணியது ஏன் ஞாபகம் இருக்கிறது. எண்ணினால் ஒழுங்காகச் செய்த மாதிரி இருக்கும்.

மதுரையில் நான் வேலிக்கு வெளியே நின்றேன். அவள் ஓடி வந்தாள், ஊன்றினாள், கம்பு வில்லாக வளைந்தது, அந்த வளைவு எனக்கு எப்போதும் பிடிக்கும், பிள்ளையைக் கையில் ஏந்தி மேலே தூக்கிப் போடுகிற மாதிரி இருக்கும், அப்போது டியூப்லைட் வெடிப்பது போல ஒரு சத்தம். இரண்டு துண்டு. அவள் மெத்தையில் விழவில்லை, அதற்கு முன்னால் இருந்த கட்டாந்தரை விளிம்பில் இடது முழங்கை கீழே இருக்க விழுந்தாள். முழங்கையில் இப்போதும் தகடு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் மாஸ்டர் கட்டில் பக்கத்தில் நின்று, ஆறுதலாகத்தான், “லேட்டா ஊனிட்டம்மா. அரை நொடி. கை மேல போறதுக்குள்ள கம்பு பாரம் வாங்கிருச்சு” என்றார். அவள் தலையை ஆட்டினாள். “ஆமா சார், லேட்டுத்தான், எனக்கே தெரிஞ்சிச்சு” என்றாள். அவளுக்குத் தெரிந்ததாம். நடக்காத ஒன்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் பிளாஸ்க்கில் காபி வாங்கக் கீழே இறங்கிப் போனேன். உடைந்ததில் மேல் துண்டை அவள் எடுத்து வந்து தன் அலமாரிக்கு மேலே வைத்திருக்கிறாள். மூன்று மாதம் கழித்து ஒருநாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, “அப்பா, வெள்ளைக்கு அடியில சாம்பல் டேப்பு ஒண்ணு இருக்கு. ஓரத்துல செவப்பு நூலு. யாரு சுத்தியிருப்பாங்க?” என்றாள். “தெரியலையே கண்ணு” என்றேன். நேரம் எடுத்துக்கொள்ளாமல் சொன்னேன். மாஸ்டரிடம் காட்டியிருக்கிறாள், அவர், “டேப்பெல்லாம் ஒரு காரணமா, கைய சரிபண்ணு” என்றாராம். சரிபண்ணத் தொடங்கினாள். இல்லாத தப்பை இரண்டு வருஷமாகச் சரிபண்ணிக்கொண்டிருக்கிறாள்.

என்ன ஆகிறது என்றால், நின்றுவிடுகிறாள். நான் தினமும் மைதானத்துக்குப் போகிறேன், ரிட்டயரானவனுக்கு வேறு என்ன வேலை. கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறாள், வேகமும் சரி, காலடியும் சரி, ஊன்ற வேண்டிய குழி வந்ததும் கை கம்பை இறக்காமல் அப்படியே நெஞ்சோடு பிடித்துக்கொண்டு குழிக்குப் பக்கவாட்டில் ஓடிப் போய், கொஞ்ச தூரத்தில் நின்று, திரும்பி நடந்து வருகிறாள். முகத்தில் ஒன்றும் இருக்காது. மாஸ்டர் முதலில் திட்டினார், பிறகு கெஞ்சினார், இப்போது போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மெத்துக் கம்பில், குறைந்த ஓட்டத்தில், எப்போதாவது தாண்டுவாள். பெரிய கம்பில் ஒருமுறைகூட இல்லை. அது புதுசு, சங்கத்திலிருந்து வந்தது. அவள் கை அதை நம்பவில்லை என்று மாஸ்டர் நினைக்கிறார். எனக்குத் தெரியும், அவள் நம்பாதது அவள் கையை. ஒரு வாக்கியம் போதும், கண்ணு, உன் கை லேட்டாகலை, கம்புல கோடு இருந்துச்சு, நான்தான் டேப் சுத்தினேன். நடந்து வருகிற வழியில் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் கடைசிப் பாதி வரும்போது வாக்கியம் மாறிவிடும், யாரோ சுத்தியிருக்காங்க என்று, லோடுமேன் ஒருத்தன் அப்புறம் சொன்னான் என்று. ஓனர்ஸ் ரிஸ்க். ஆத்தூர் தாண்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இன்று காலை பல் விளக்கும்போது முடிவு செய்தேன். பிறகு உளுந்தூர்ப்பேட்டை என்று மாற்றினேன், அங்கே டீ குடிக்க நிறுத்துவோம், இறங்கி நின்று சொல்லலாம். இப்போது தோன்றுகிறது, போட்டிக்கு முந்தின நாள் சொல்வது நல்லதில்லை, முடிந்த பிறகு சொல்லலாமே. முடிந்த பிறகு எதற்குச் சொல்வது.

“சார், முடிஞ்சிருச்சு, வந்து ஆட்டிப் பாருங்க” என்கிறார் இலியாஸ் பாய். குறுக்குக் கம்பியைப் பிடித்து ஆட்டினேன், வண்டியே சேர்ந்து ஆடியது, உள்ளே வாணி கண்ணைத் திறந்தாள். கண்ணாடிக்கு மேலே இரண்டு கறுப்புக் கோடு விழுந்திருக்கிறது, ஒன்று அவள் நெற்றிக்கு மேலே, ஒன்று முழங்காலுக்கு மேலே. காதிலிருந்து ஒயரை எடுத்துவிட்டு இறங்கி வந்தாள். “நல்லாருக்கு பாய்” என்றாள். “நல்லாருக்காம்மா? எங்க வீட்ல கேட்டா கண்ணாடிக்கு மூக்கணாங்கயிறுன்னு சொல்லும்” என்றார் அவர். வாணி சிரித்தாள். நான் அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று நினைத்தேன், அந்தச் சிரிப்பில் எனக்கு என்னமோ பலம் வந்த மாதிரி இருந்தது, ஏதாவது ஒன்றை உடனே நன்றாகச் செய்துவிட வேண்டும் போல. “எண்பதுக்கு மேல போகாதீங்க, காத்து ஊளையிடும். அம்பது கிலோமீட்டருக்கு ஒருதரம் எறங்கித் தொட்டுப் பாருங்க” என்று சொல்லிக்கொண்டே பாய் கம்பி முனைகளுக்கான ரப்பர் மூடிகளைத் தேடி உள்ளே போனார். வாணி தண்ணீர் பாட்டிலை நிரப்பப் போனாள். நான் உறையோடு கம்புகளைத் தூக்கினேன், கனமே இல்லை, மூன்றும் சேர்ந்து ஒரு அரிசிப் பையின் பாதிகூட வராது. பின்னால் போய், நுனியைப் பின்கம்பியில் வைத்தேன். இரண்டு ஆள் தூக்கி மேலிருந்து இறக்க வேண்டிய சரக்கு. கை அதையெல்லாம் கேட்கவில்லை. ஒரே தள்ளு. ஓடியது, பூவாட்டம் ஓடியது, உறையின் வாய் அவிழ்ந்திருந்ததைப் பார்க்கவில்லை, ஜமுக்காளம் பின்கம்பியில் சிக்கிச் சுருண்டு நின்றது, கம்பு மட்டும் வெறும் உடம்போடு போனது, முன்கம்பியில் மூடி போடாத திருகாணி நீட்டிக்கொண்டிருந்தது. சர்ர். அந்தச் சத்தத்தை நான் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பதால் இது இப்போது கேட்டதா, அப்போது கேட்டதா என்று ஒரு கணம் தெரியவில்லை. “அய்ய சார், மூடி போடலியே இன்னும்” என்று பாய் ஓடி வந்தார். மெத்துக் கம்புகள் இரண்டும் உறைக்குள்ளேயே இருந்தன. வெளியே வந்தது பெரிய கம்பு. பிடிக்கு இரண்டு முழம் கீழே, குறுக்காக. பாய் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். “ஒண்ணும் ஆகாது சார், மேலாப்லதான். லேசா டேப் சுத்திருங்க.” அதே வார்த்தை. நான் எனக்குச் சொல்லிக்கொண்ட அதே வார்த்தை, இன்னொருத்தர் வாயில் எவ்வளவு சுலபமாக, எவ்வளவு நல்ல மனசோடு வருகிறது. நகத்தை ஓட்டினேன். படுக்கவைக்காமல் ஓட்டினேன். மாட்டியது.

வாணி பாட்டிலோடு வந்துகொண்டிருந்தாள். அவள் என்னிடம் வருவதற்குப் பத்தடி இருந்தது, பத்தடியில் ஒருவன் எத்தனை பொய் யோசிக்கலாம் என்பதை அளக்க இஞ்ச் டேப் கிடையாது. உறையை இழுத்து மூடிவிடலாம். பாய் ஒன்றும் சொல்ல மாட்டார். உறைமேல் கைகூட வைத்துவிட்டேன். “கண்ணு, பெரிய கம்புல கோடு விழுந்துருச்சு. நான் தள்ளிட்டேன்” என்றேன். என் குரல்தான். அவள் பாட்டிலைக் கூரையின் ஓரத்தில் வைத்துவிட்டு எக்கிப் பார்த்தாள், நகத்தை ஓட்டினாள். நகம் நின்ற இடத்தில் விரலும் நின்றது. கோபப்படுவாள் என்று நின்றேன், அழுவாள் என்று நின்றேன். “பரவால்லப்பா. எப்படியும் நான் ஊனப் போறதில்ல” என்றாள். சாதாரணமாக, சாப்பாடு வேண்டாம் என்பது போல. “ஓடுவேன், நிப்பேன், மூணு தரம் செவப்புக் கொடி காட்டுவாங்க, வந்துருவேன். நீங்க இவ்வளவு செஞ்சிருக்கீங்க, போயிட்டு வந்துருவோம்.” எனக்காகப் போகிறாள். அவளுக்காக நான், எனக்காக அவள், யாருக்காகவும் இல்லாமல் ஒரு காரின் தலையில் இரண்டு கம்பி. “ஃபைபர் கைல குத்தும். சும்மா ஒரு சுத்து சுத்திடறேன். வண்டியில டேப் இருக்கா?” “டிக்கியில இருக்கு” என்றேன். அன்றைக்குத் தெரியலையே என்று சொன்ன அதே வேகத்தில் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் டிக்கியில் இருப்பது எது என்று தெரிந்தது. ரிட்டயரான அன்று மேசை இழுப்பறையில் இருந்ததையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தேன், பஞ்சிங் மிஷின், ஸ்டாம்பு பேட், அரை உருளை டேப், அந்தப் பை ஜாக்கிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நான் எடுக்கறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அவள் டிக்கியைத் திறந்துவிட்டாள். பையைக் கிளறுகிற சத்தம். பிறகு சத்தம் இல்லை. பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது, பாய் மூடிகளை ஒவ்வொன்றாக அமுக்கினார், டிக்கிக் கதவு மேலே தூக்கியபடி நின்றது, அவள் கால்கள் மட்டும் தெரிந்தன, ஓடுகிறவளின் கால்கள், அசையாமல். கதவு இறங்கியபோது உருளை அவள் கையில் இருந்தது. ஓரத்துச் சிவப்பு இழையை நகத்தால் கொஞ்சம் பிரித்திருந்தாள்.

“இந்த டேப்பு நம்மகிட்டயா இருந்துச்சு?” என்றாள். பாய் பக்கத்தில் நின்றார், அவருக்கு இது ஒரு டேப்பைப் பற்றிய கேள்வி. நீண்ட பதில்கள் எல்லாம் வரிசையில் நின்றன, லோடுமேன், ஆள் குறைவு, ஆறு மணி லாரி, எல்லாவற்றுக்கும் ரசீது போட்டு அனுப்பிவிடலாம். “ஆமா” என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கம்பைப் பார்த்தாள், பிறகு தன் இடது முழங்கையைப் பார்த்தாள், சட்டைக் கையை மடக்கி, அதை முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி, அந்தக் கை அவளுக்கு இப்போதுதான் திரும்பக் கிடைத்த மாதிரி. “லேட்டாகல” என்றாள். என்னிடம் சொல்லவில்லை. பிறகு சுற்ற ஆரம்பித்தாள். சும்மா ஒரு சுத்து என்றவள் நிறுத்தவில்லை, இரண்டு, மூன்று, இழுத்து இறுக்கி, நான் எண்ணினேன், ஏழு. பல்லால் கடித்து அறுத்தாள். அலமாரிக்கு மேலே இருக்கிற துண்டில் எத்தனை சுற்று என்று அவளும் எண்ணியிருக்கிறாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாளைக்கு இவள் ஊன்றுவாள். இரண்டு வருஷமாக இவளை நிறுத்தியது எதுவோ அதை நான் ஒரு ஆமாவில் எடுத்துவிட்டேன், எடுத்த கையாலேயே கம்பில் கோடு போட்டிருக்கிறேன். நிற்கிற பெண்ணுக்கு இந்தக் கம்பு ஒன்றும் செய்யாது. “கண்ணு, பெரிய கம்பு வேண்டாம். இங்கயே பாய்கிட்ட வச்சுட்டுப் போயிடலாம். மெத்துக் கம்புல…” “வண்டிய எடுங்கப்பா” என்றாள். பாயும் நானும் கம்புகளைத் தூக்கி மேலிருந்து இறக்கினோம், இந்த முறை இரண்டு ஆளாக, டேப் சுற்றிய இடம் உறைக்கு வெளியே நிற்க, பட்டையைப் போட்டு இறுக்கினோம், பின்னால் சிவப்புத் துணி கட்டினோம், எல்லாம் ஒழுங்காக. “அல்லா உதவியில நல்லா தாண்டிட்டு வாம்மா” என்றார் பாய். “தாண்டறேன் பாய்” என்றாள். அவள் முன்கதவைத் திறக்கவில்லை. பின்கதவைத் திறந்து, புளிசாத டப்பாக்களை ஓரமாகத் தள்ளி, சீட்டில் மல்லாந்து படுத்துக்கொண்டாள். ஆத்தூர் ரோட்டுக்கு வண்டியைத் திருப்பினேன். அறுபதில் மேலே கம்பி மெல்ல முனக ஆரம்பித்தது. கண்ணாடிக் கூரைக்கு உள்ளே ஒரு திரை உண்டு, அதற்குத் தனிப் பட்டன், அமுக்கினால் மூடிக்கொள்ளும், அமுக்கினேன், “திறந்தே இருக்கட்டும்” என்றாள். திறந்தேன். பின்னால் பார்க்கிற கண்ணாடியில் அவள் கை மட்டும் தெரிகிறது. நீட்டி, சாம்பல் டேப்புக்கு நேர் கீழே, கூரைக் கண்ணாடியில் நகத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். முன்னும் பின்னும். அங்கே எங்கும் மாட்டாது. எனக்குச் சத்தம் கேட்கிறது.